பிள்ளையின் நட்டஈட்டுக் காசு தகப்பன் கைக்குப் போகலாமா?

2024 ஜனவரி 21 (கேள்வி)

தென்மராட்சியிலிருந்து எழுதுகிறேன். என் தங்கை போன ஐப்பசியில் விபத்தில் இறந்துவிட்டாள். கண்டி வீதியில் டிப்பர் அடித்தது. அவளுடைய மகனுக்குப் பதினொரு வயது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். டிப்பரின் காப்புறுதிக் கம்பனி 24 இலட்சம் தந்து முடிக்கலாம் என்கிறது. கையெழுத்து வைக்கப் போவது தங்கையின் கணவர். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் அரைகுறையாக நிற்கிற வீடு இருக்கிறது, கடன் இருக்கிறது, மறுமணம் பேசுகிறார்கள் என்றும் கேள்வி. பிள்ளையின் காசைப் பிள்ளைக்கென்று வைக்க வழி உண்டா? கேட்கப் போய்க் குடும்பம் உடைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

2024 ஜனவரி 21, இரவு

வழி இருக்கிறது அக்கா. ஆனால் கையெழுத்து வைப்பதற்கு முதல்தான். கம்பனியின் தாளில் "முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே உங்கள் அத்தான் (தங்கையின் கணவர்) கையெழுத்து வைத்து, காசோலை அவர் பெயருக்கு எழுதப்பட்டு, அவர் கணக்கில் விழுந்துவிட்டால், அதில் எவ்வளவு பிள்ளையுடையது என்று நிரூபிக்கிற பாடு உங்கள் தலையில்தான். இந்தக் கிழமை யாரும் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம். அவசரம் கம்பனிக்குத்தான். வழக்குக் காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி இப்படியான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம் இருக்கிறது. உங்களுக்கு 2025 ஐப்பசி வரை.

நான் சட்டத்தரணி இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் ஒன்பது வருடமாகக் கிளாக்கர். மனு தட்டெழுதுவது, தவணை குறிப்பது, வழக்கேடு தேடுவது, இவைதான் என் நாள். நான் சொல்வதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டிச் சரிபாருங்கள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978இலிருந்து இருக்கிற அமைப்பு, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

2024 ஜனவரி 22

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். எனக்கும் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இடது கால். 2003இல், ஒன்பது வயதில். யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து வருகிற ஏ9 பாதை திறந்து ஒரு வருடம், காங்கேசன்துறை வீதியில் வாகனம் பெருகியிருந்த நேரம், வான் ஒன்று. எனக்கு வந்த நட்டஈடு ஆறு இலட்சம். 2005இல் வந்தது. அதில் ஒரு சதத்தையும் நான் காணவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன். இதை இப்போதே சொல்வது, நான் யாருடைய பக்கம் நின்று எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

2024 ஜனவரி 25

வேலை முடிந்து வந்து ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 24 இலட்சம் யார் யாருக்கு என்று கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் "குடும்பத்துக்கு" என்று ஒரே தொகையாகத்தான் சொல்வார்கள். அதற்குள் மூன்று காசு கலந்து கிடக்கிறது. பிள்ளையின் காலுக்கும் வலிக்கும் வருங்காலத்துக்கும் உரியது பிள்ளையுடையது. தாய் இறந்ததால் பிள்ளை இழந்த ஆதரவுக்கு உரியதும் பிள்ளையுடையது, இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். செத்தவீட்டுச் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, மனைவியை இழந்ததற்கு உரியது என்பவை தகப்பனுடையவை. மூன்றையும் ஒரே சாக்கில் கட்டினால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. தகப்பன் தன் பங்கைத்தான் செலவழித்தேன் என்பார், அது பொய்யென்று சொல்லவும் உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அடுத்தது, கம்பனியின் மேசையில் முடிக்காதீர்கள். பிள்ளையின் பெயரில் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்காகப் போட்டு, அங்கே வைத்து இணக்கமாக முடியுங்கள். உங்களுக்குச் சாவகச்சேரியிலேயே நீதிமன்றம் இருக்கிறது. 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, பராயமடையாத பிள்ளைக்காக ஒரு வளர்ந்த ஆள் "அடுத்த நண்பர்" என்ற பெயரில் நின்று வழக்குப் போட வேண்டும் என்கிறது. அந்த அடுத்த நண்பர் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் எந்த இணக்கத்துக்கும் போக முடியாது. போனால் அது பிள்ளையைக் கட்டாது. இந்த அனுமதிதான் உங்கள் பூட்டு. நீதிபதி அனுமதி கொடுக்கும்போது காசு எங்கே போக வேண்டும், யார் எடுக்கலாம், எதற்கு எடுக்கலாம் என்று கட்டளையிலேயே எழுதுவிக்கலாம். எங்கள் நாட்டுப் பொதுச் சட்டமான உரோம டச்சுச் சட்டத்தில் பிள்ளைகளுக்கு மேலான பாதுகாவலர் நீதிமன்றம்தான், தாய் தகப்பன் அதற்குக் கீழே.

அடுத்த நண்பராகத் தகப்பனே நிற்கலாம், வழக்கமும் அதுதான். காசை நிலையான வைப்பில் பிள்ளையின் பெயரில் போட்டு 18 வயது வரை பூட்டிவிடச் சொல்லுங்கள். 1989 வரை பராயம் 21 வயது. அந்த வருடத்துச் சட்டம் 18 ஆக்கிவிட்டது.

2024 பெப்ரவரி 2

மேலே எழுதியதில் ஒன்று பிழை. அக்கா இன்று தனியாக எழுதியிருக்கிறார்: மோட்டார் சைக்கிளை ஓட்டியது அத்தான்தான். மூன்று பேரும் ஒரே சைக்கிளில்.

இது முழுக் கதையையும் மாற்றுகிறது. டிப்பர் பக்கம் முதலில் சொல்லப் போவது, "மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஓடினவரிலும் பிழை இருக்கிறது" என்பதைத்தான். அது அத்தானின் பங்கைக் குறைக்கும். பின்னால் இருந்த பிள்ளையின் பங்கை அப்படிக் குறைக்க விடக்கூடாது. தன் பிழையை மறைக்க வேண்டியவரும் பிள்ளைக்காக வாதாட வேண்டியவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. பிள்ளையின் நலனுக்கு எதிரான நலன் உள்ளவர் அடுத்த நண்பராக நிற்கக்கூடாது என்று சட்டக்கோவையே சொல்கிறது. ஆகவே தகப்பன் வேண்டாம். நீங்கள் நில்லுங்கள். பெரியம்மா நிற்பதில் தடை ஒன்றும் இல்லை. ஜனவரி 25 குறிப்பில் நான் "வழக்கமும் அதுதான்" என்று எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். யார் ஓட்டினது என்று கேட்காமல் எழுதிவிட்டேன். கேட்டிருக்க வேண்டும்.

2024 பெப்ரவரி 3

"அத்தானிடம் எந்த வாயால் சொல்வது" என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள்: "அத்தான், அவையள் உங்களிலதான் பிழை எண்டு சொல்லப் போகினம். நீங்கள் பிள்ளைக்காகக் கையெழுத்து வைச்சால் அதைப் பிடிச்சுப் பிள்ளையின்ர பங்கையும் குறைப்பினம். நான் வைச்சால் அவைக்கு அந்தப் பிடி இல்லை." இது பொய்யும் இல்லை, அவர் முகமும் கெடாது. மறுமணத்தைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காதீர்கள். வீட்டைப் பற்றியும் வேண்டாம்.

2024 பெப்ரவரி 11

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பெற்ற தகப்பனை நம்பாமல் கோடு கச்சேரி ஏறச் சொல்வதா, இது யாழ்ப்பாணத்துப் பழக்கமா என்று.

யாழ்ப்பாணத்துப் பழக்கம்தான் ஐயா. எங்கள் பழைய வழக்கச் சட்டமான தேசவழமையை எடுத்துப் பாருங்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி எழுதி, ஊர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டது. தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்ய நினைத்தால், சிறு பிள்ளைகளைத் தாயின் தாயோ நெருங்கிய உறவினரோ வளர்க்க எடுப்பது வழக்கம் என்று அதில் இருக்கிறது. எடுக்கும்போது தகப்பன் தாயின் சீதனம் முழுவதையும், அந்தக் கலியாணக் காலத்தில் தேடிய தேட்டத்தில் பாதியையும் பிள்ளைகளோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும். தகப்பன்மார் எல்லாம் கள்ளர் என்று அந்த முதலிமார் நினைத்திருப்பார்களா? ஒரு மனிதன் புதுக் குடும்பத்துக்குள் கால் வைக்கும்போது பழைய குடும்பத்தின் பொருள் தானாகவே அங்கே நகர்ந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது நகர முதல் கணக்குத் தீர்த்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டார்கள். நட்டஈட்டுக் காசுக்கு நீங்கள் போக வேண்டியது தேசவழமைக்கு அல்ல, நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்குத்தான். பழக்கத்தைக் கேட்டதால் சொன்னேன்.

என் தகப்பனும் கெட்டவர் இல்லை. நாளைக்கு எழுதுகிறேன்.

2024 பெப்ரவரி 12

எங்களுடையது புகையிலைத் தோட்டக் குடும்பம். வழக்கே போடவில்லை. கம்பனிக்காரர் வீட்டுக்கு வந்தார், திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்தார், ஐயா (என் தகப்பன்) கையெழுத்து வைத்தார். நான் உள்ளே பாயில் படுத்திருந்து பார்த்தேன். அந்தத் தாளில் என் பெயர் இருந்தது என்று அப்போது தெரியாது.

2006 தொடக்கத்தில் அண்ணாவுக்கு 18 வயது. சண்டை திரும்பி வந்துகொண்டிருந்தது. பெடியள் காணாமல் போனார்கள். ஐயா என் ஆறு இலட்சத்தையும் அம்மாவின் தாலிக்கொடியையும் ஏஜென்சிக்காரனிடம் கொடுத்து அண்ணாவை அனுப்பினார். அண்ணா பிரான்ஸ் போய்ச் சேர்ந்தான். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். அவனோடு படித்த சிலர் இல்லை. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது, ஏனென்றால் அந்தக் காசு ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கலாம்.

அதே வருடம் ஆவணியில் ஏ9 பாதையைப் பூட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 1987இலிருந்து இருக்கிற ஜெய்ப்பூர் நிலையம்தான் எனக்குக் கால் போட்டது. அவர்கள் இல்லாவிட்டால் நான் நடந்திருக்கமாட்டேன். ஆனால் பதின்மூன்றாவது வயதில் நான் திடீரென்று வளர்ந்தேன். செயற்கைக்கால் இரண்டு விரல் அளவு கட்டையாகிவிட்டது. மெத்தை வைத்த கூடு நெருக்கி, கீழே தோல் உரிந்தது. சாமான் வருவது அருமை. கொழும்புக்குப் போய்ச் செய்விக்கலாம் என்றார்கள். பயண அனுமதிப் பாஸ் எடுத்து, கப்பலேறி, அங்கே தங்கி, செய்விக்கக் காசு வேண்டும். காசு பிரான்ஸில் இருந்தது.

ஒரு பின்னேரம் ஐயா தன் பழைய செருப்பை எடுத்தார். புகையிலை வெட்டுகிற கத்தியால் குதிப் பக்க ரப்பரை வட்டமாக அரிந்தார். சைக்கிள் டியூப் ஒட்டுகிற பசை பூசி, காய வைத்து, என் செயற்கைக்காலின் அடியில் ஒட்டினார். அது இறுகும் வரை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கையில் புகையிலைக் கறை. பிறகு என்னை முற்றத்தில் நிற்க வைத்து, தன் தோளில் என் கைகளை ஊன்றச் சொல்லி, குனிந்து என் இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டமா என்று பார்த்தார். "இப்ப சரியோ பிள்ளை?" என்றார். சரி என்றேன். சரியில்லை. ரப்பர் துண்டு நடக்க நடக்க உள்ளே சாய்ந்தது. ஒன்றரை வருடம் அதிலேதான் பள்ளிக்கூடம் போனேன். இடுப்பு வலி இன்றைக்கும் இருக்கிறது.

2014இல் பிறப்புச் சான்றிதழ் தேடித் தகரப் பெட்டியைக் கிளறியபோது அந்தத் தாளின் பிரதி கிடைத்தது. என் பெயர், அதற்கு முன்னால் "பராயமடையாத", பக்கத்தில் ஆறு இலட்சம். அம்மாவிடம் கேட்டேன். அம்மா அழுதா. ஐயாவிடம் கேட்கவில்லை.

2024 மார்ச் 9

"நிலையான வைப்பில் போட்டால் போதும்தானே" என்று கேட்டவருக்கு. போதாது. நான் கையால் எடுத்துப் பார்த்த ஒரு வழக்கேட்டில் (ஊரும் பெயரும் சொல்லமாட்டேன்) பிள்ளையின் வைப்பு அப்படியே இருந்தது. சான்றிதழும் வீட்டு அலுமாரியில் இருந்ததாகத்தான் எல்லாரும் நினைத்தார்கள். அதை ஈடு வைத்துக் கடன் எடுத்திருந்தார்கள். பிள்ளைக்கு 18 ஆனபோது வங்கி கடனையும் வட்டியையும் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தது. மிச்சம் ஒரு சைக்கிளுக்குக் காணும்.

இந்தியாவில் இதற்கு நல்ல தீர்ப்பு ஒன்று இருக்கிறது. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கு ஒன்றில் 1993இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டல் கொடுத்தது. பிள்ளைகளின் நட்டஈட்டைப் பராயமடையும் வரையாவது நீண்டகால வைப்பில் போட வேண்டும், அந்த வைப்பின் மேல் வங்கி கடனோ முற்பணமோ கொடுக்கக்கூடாது. இரண்டாவது வரிதான் பெறுமதி. அந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றத்தைக் கட்டாது. ஆனால் அந்த வரியை உங்கள் இணக்கத்தில் எழுத யாரும் தடுக்கமாட்டார்கள். "ஈடு வைக்கவோ, கடன் பெறவோ, காலத்துக்கு முன் முறிக்கவோ நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வங்கி அனுமதிக்கக்கூடாது." இதே சொற்களில் எழுதச் சொல்லுங்கள். கட்டளையின் சான்றுப்படுத்திய பிரதியை வங்கி முகாமையாளரிடம் நேரே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். கட்டளை வழக்கேட்டுக்குள் கிடந்தால் வங்கிக்கு அது தெரியாது.

2024 மார்ச் 10

எந்த வங்கி என்று கேட்கிறீர்கள். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசின் முழு உத்தரவாதம் இருக்கிறது. வட்டி அரைவீதம் கூடத் தருகிறோம் என்று நிதிக் கம்பனிகள் வரும். பிள்ளையின் காலை வைத்து அரைவீதத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

2024 ஏப்ரல் 20

இரண்டாவது திருத்தம், இதுவும் ஜனவரி 25 குறிப்புக்குத்தான். "18 வரை பூட்டிவிடுங்கள்" என்று எழுதினேன். வருஷப் பிறப்புக்கு வந்த என் சித்தப்பா அதை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "2021இல உன்ர சொல்லைக் கேட்டு ஒரு பிள்ளையின்ர காசை அஞ்சு வருஷத்துக்குப் பூட்டியிருந்தால்?"

அன்று இரவு நித்திரை வரவில்லை. 2022 புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி ஒரு வருடத்துக்குள் விலைவாசி 69.8 வீதம் ஏறியது. டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. செயற்கைக்காலின் பாகம் முக்கால்வாசியும் வெளியிலிருந்து வருவது. 2021இல் குறைந்த வட்டிக்கு நீண்ட காலம் பூட்டியவர்களின் காசைத் தகப்பன் தொடவில்லை, ஆனாலும் அது கரைந்துவிட்டது. அடுத்த வருடம் திறைசேரி உண்டியலுக்கு (அரசு வாங்குகிற குறுங்காலக் கடன்) 30 வீதத்துக்கு மேலும் வட்டி இருந்த நேரத்தில் அவர்கள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

ஆகவே நீண்ட வைப்பு வேண்டாம். ஒரு வருட வைப்பு, வருடாவருடம் புதுப்பிக்கிற மாதிரி. வேறு வங்கிக்கு மாற்ற வேண்டும் என்றால் நீதிமன்றத்தில் ஒரு பிரேரணை (விண்ணப்பம்) போட்டு மாற்றலாம் என்று கட்டளையிலேயே இடம் விட்டு எழுதுங்கள்.

இன்னொன்று, நான் என் கதையை எழுதிவிட்டும் அதில் இருந்த பாடத்தை எனக்கே பொருத்தாமல் விட்டேன். வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருக்கால் காலை மாற்றவோ திருத்தவோ வேண்டும். ஏழு வருடமும் முழுவதையும் பூட்டினால், காசுள்ள பிள்ளையும் செருப்பு ரப்பரில்தான் நடக்கும். வட்டியிலிருந்து வருடத்துக்கு ஒரு தொகையைக் காலுக்கும் வைத்தியத்துக்கும் விடுங்கள். பற்றுச்சீட்டு வைத்தால்தான் காசு, முடிந்தால் கால் செய்கிற இடத்துக்கே நேரே காசோலை. சாப்பாடு, உடுப்பு, பள்ளிக்கூடம் இதற்குள் வரக்கூடாது. அது தகப்பனின் கடமை, 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பிள்ளையின் கால் காசில் பிள்ளைக்குச் சோறு போடுவதும் பிள்ளையின் காசைத் தகப்பன் எடுப்பதுதான்.

2024 ஜூன் 14

வழக்குப் போட்டாகிவிட்டது. பெரியம்மா அடுத்த நண்பர். காப்புறுதிக் கம்பனிக்கும் முறைப்படி அறிவித்தல் போய்விட்டது. அத்தான் மூன்று நாள் கதைக்கவில்லையாம். நாலாம் நாள் சட்டவைத்திய அதிகாரியின் அறிக்கையைத் தானே கொண்டுவந்து கொடுத்தாராம்.

2024 ஆகஸ்ட் 4

லண்டனிலிருந்து ஒருவர்: அங்கே வழக்குப் போடாவிட்டாலும், பிள்ளையைக் கட்ட வேண்டுமென்றால் இணக்கம் நீதிபதிக்கு முன் போக வேண்டும். காசு பெற்றோர் கணக்குக்குப் போகாது. நீதிமன்றத்தின் நிதி அலுவலகம் வைத்திருந்து 18 ஆனதும் பிள்ளையிடம் கொடுக்கும். அப்படி ஒன்று எங்களிடம் இருந்திருந்தால் அந்தத் திண்ணையில் தேத்தண்ணியோடு முடிந்திருக்காது.

எங்களிடம் இருக்கிற வேறொன்று, சொத்துக்குப் பொறுப்பாளரை நியமிப்பது. பழைய கிளாக்கர்மார் "கியூரேட்டர்" என்பார்கள். பிள்ளை தகப்பனோடு இருக்கலாம், பிள்ளையின் சொத்து இன்னொருவர் பொறுப்பில் இருக்கலாம். அவர் சொத்துப் பட்டியலும் கணக்கும் நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். பெரிய தொகை, காணி, வாடகை என்றால் இது நல்லது. இந்தப் பிள்ளைக்கு வைப்பு மட்டும்தான், ஆகவே இணக்கக் கட்டளையே போதும் என்று எங்கள் சட்டத்தரணி சொல்கிறார். பெரியம்மாவுக்கும் ஒரு கட்டு வேண்டும். நீங்கள் நல்லவர் அக்கா, ஆனால் நாளைக்கு உங்கள் மகளுக்குக் கலியாணம் வரும். உங்களாலும் எடுக்க முடியாத மாதிரி எழுதுவியுங்கள்.

2024 ஆகஸ்ட் 6

அக்காவுக்கு மேலே கடைசி வரி நோகவில்லையாம். தானே அதைக் கேட்கவிருந்ததாக எழுதியிருக்கிறார்.

2024 நவம்பர் 17

இதற்குள் என் வீட்டிலும் ஒன்று நடந்துவிட்டது. அண்ணா பிரான்ஸிலிருந்து இதை வாசித்துவிட்டான். பெயர் இல்லாவிட்டாலும் செருப்பு ரப்பர் ஒரு வீட்டில்தான் இருந்திருக்கும். எடுத்து, "அது உன்ர காசோ?" என்றான். பதினெட்டு வருடம் அவனுக்குத் தெரியாது. தாலிக்கொடியும் தோட்டக் கடனும் என்றுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் உயர்தரப் படிப்புக்கு மாதாமாதம் காசு அனுப்பினவன் அவன்.

அதன் பிறகுதான் ஐயாவிடம் கேட்டேன். கோபத்தில் இல்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக் கேட்டேன். ஐயா கன நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "கேட்டிருந்தால் நீ ஓமெண்டிருப்பாய் பிள்ளை. அதாலதான் கேக்கேல்ல" என்றார்.

நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். பன்னிரண்டு வயதில் அண்ணாவுக்காக எதையும் கொடுத்திருப்பேன். பிள்ளை ஓம் என்று சொல்லிவிடும் என்று ஐயாவுக்கே பயம் இருந்திருக்கிறது. பெப்ரவரியில் கோபப்பட்டவருக்கு நான் எழுதிய பதிலில் இது இல்லை, இப்போதுதான் விளங்குகிறது. பிள்ளையிடம் கேட்டால் பிள்ளை கொடுத்துவிடும். கேட்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். இரண்டிலும் காசு போய்விடும். இல்லை என்று சொல்ல மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் வீட்டுக்குள் சாப்பிடுகிற ஆளாக இருக்கக்கூடாது.

ஐயா அன்றைக்கு நீதிமன்றத்துக்குப் போய், "மூத்தவனைக் காப்பாற்றக் காசு வேண்டும்" என்று கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கிளாக்கராக யோசித்துப் பார்த்தேன். கொடுத்திருக்கமாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். அண்ணாவின் முகம் உடனே வந்தது. அதற்கு மேல் யோசிக்க எனக்குப் பலமில்லை.

2025 பெப்ரவரி 22

கட்டளை கிடைத்துவிட்டது. 24 இலட்சம் 29 ஆகியிருக்கிறது. பிள்ளையின் காலுக்கு 17, தாயை இழந்ததற்குப் பிள்ளையின் பங்கு 5, தகப்பனுக்கு 7. தகப்பனின் பங்கில்தான் சைக்கிள் ஓட்டியதற்குக் கழித்தார்கள், பிள்ளையின் பங்கில் ஒரு ரூபாயும் கழிக்கவில்லை. பிரித்துக் கேட்டதற்கு அதுதான் பலன்.

22 இலட்சமும் பிள்ளையின் பெயரில், அரச உத்தரவாதமுள்ள வங்கியில், ஒரு வருட வைப்பு. ஈடு, கடன், முறிப்பு ஒன்றும் இல்லை. வட்டி பிள்ளையின் சேமிப்புக் கணக்குக்கு. அதிலிருந்து வருடத்துக்கு ஒன்றரை இலட்சம் வரை காலுக்கும் வைத்தியத்துக்கும், பற்றுச்சீட்டோடு, பெரியம்மாவும் தகப்பனும் இரண்டு பேரும் கையெழுத்து வைத்தால் மட்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பிரேரணை. ஒவ்வொரு ஜனவரியும் கணக்கு.

இரண்டு கையெழுத்து என்பது அக்கா கேட்டது. தகப்பனை முழுதாக வெளியே தள்ள வேண்டாம் என்று சொன்னார். தகப்பனின் கையெழுத்து வேண்டாம் என்றுதான் நான் நினைத்தேன். இப்போது அவர் சொன்னது சரி என்று படுகிறது. கட்டளை வாசிக்கும்போது அத்தான் பின் வாங்கில் தலை குனிந்து இருந்தாராம். வெளியே வந்து, "நல்லது மச்சாள், இனி என்னட்ட ஒருத்தரும் கடன் கேட்க ஏலாது" என்றாராம்.

2025 மார்ச் 30

சின்ன அலுவல் ஒன்று. வரும் முதலாந் திகதியிலிருந்து வைப்பு வட்டியில் பிடிக்கிற வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிறது. ஒன்றரை இலட்சம் என்று எழுதுவித்தபோது இதை நாங்கள் பார்க்கவில்லை. இந்த வருடம் சமாளிக்கலாம். ஜனவரிக் கணக்கு வைக்கும்போது வரி பிடித்ததற்கான சான்றிதழையும் வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள்.

2025 மே 11

பையன் புதுக் காலோடு நடக்கிற காணொளி அனுப்பியிருக்கிறார்கள். நான் முகத்தைப் பார்க்க முதல் இடுப்பைத்தான் பார்த்தேன். மட்டமாக இருக்கிறது.

கட்டளையில் சான்றுப்படுத்திய பிரதி மூன்று எடுக்கச் சொல்லியிருந்தேன், வங்கிக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று. அக்கா நாலு எடுத்தாராம். நாலாவதைப் பையன் தன் பள்ளிக்கூடப் புத்தகங்களோடு வைத்திருக்கிறான். அதில் தன் பெயர் வருகிற இடம் எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலால் கோடு போட்டிருக்கிறானாம்.